தண்ணி டேங்குக்கு என்று சொன்னேன்

அந்த நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளையும் வாங்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் தெரிந்துகொண்டு, 'அடப்பாவி, இவளா' என்று நீங்கள் வாயில் கை வைப்பதைவிட இது மேல்.

என் பெயர் ஈஸ்வரி. ஈச்சமேடு ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளர். ஏரிக்கரையில் முள் வெட்டவும் கால்வாய் தூர் வாரவும் வருகிற பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகை எடுப்பது, போட்டோ பிடித்து ஏற்றுவது, நிழல் தேடி ஒதுங்குகிறவர்களைப் பார்த்துக் கத்துவது, இதெல்லாம் என் வேலை. கத்துவதில் மட்டும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதில் சுவர் எங்கள் காலனிக்குப் பின்னால்தான் ஓடுகிறது. எங்கள் அப்பா அம்மாக்கள் நெல் நடவுக்குப் போனவர்கள். இப்போது காலனியில் பாதிப் பேர் காலையில் அந்தச் சுவருக்கு உள்ளே போய்விட்டு ராத்திரி வெளியே வருகிறார்கள்.

எங்கள் ஊர்க் கிராம சபை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் மீதி விளங்கும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருஷத்தில் சில நாள் ஊர் கூடும். ஊரே உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊரில் ஊராட்சிச் செயலர் வெங்கடேசன் தீர்மானப் புத்தகத்தில் நாலைந்து பக்கங்களை வெறுமையாக விட்டுவிட்டு, அதற்கடுத்த பக்கத்தில் கோடு கிழித்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வைத்திருப்பார். வந்தவர்கள் முதல் வேலையாகக் கையெழுத்துப் போடுவோம். டீயும் பிஸ்கட்டும் வரும். தலைவர் சடையப்பன் மைக்கைத் தட்டித் தட்டிப் பேசுவார். கலைந்துவிடுவோம். என்ன தீர்மானம் என்பதை வெங்கடேசன் ஒரு வாரம் கழித்து ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவார். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோலத்தான் அந்தக் கையெழுத்தை நாங்கள் நினைத்திருந்தோம்.

இந்த வருஷம் மே ஒன்றாம் தேதி வெயில் மண்டையைப் பிளந்தது. சபைக்கு வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால் வந்தவர்களும் கையெழுத்துப் போடாமலே கலைந்துவிட்டார்கள். வெங்கடேசன் புத்தகத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"ஈஸ்வரிம்மா, நீயே ஊடு ஊடா போய் வாங்கினு வந்துடு. உனக்குத்தான் எல்லாரும் போடுவாங்க."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். கையெழுத்துப் பக்கத்தைத் தேடி எச்சில் தொட்டுப் புரட்டியபோது முன்னால் ஐந்து பக்கங்கள் வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். அது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

முதல் வீட்டிலேயே பூவம்மாள் பிடித்துக்கொண்டாள். "இன்னாத்துக்கு இது?" என்றாள். எனக்கு நாக்கு வறண்டு, உள்ளங்கால் சுட்டது. இவளிடம் கிராம சபை, குறைந்தபட்ச எண்ணிக்கை என்றெல்லாம் விளக்கப் பொறுமை இல்லை.

"புது தண்ணி டேங்குக்கு" என்றேன்.

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். காலனியின் பழைய டேங்க் விரிசல் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அலுத்துப் போயிருந்தது. டேங்க் என்றதும் பூவம்மாள் பேனாவைப் பிடுங்கிப் போட்டாள். இது நன்றாக வேலை செய்கிறதே என்று அடுத்த வீட்டிலும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வீட்டிலும். எழுதத் தெரியாதவர்கள் கட்டை விரலை நீட்டினார்கள். ஒருத்தி எனக்கு மோர் கொடுத்தாள்.

மோனிகா தெருக் குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்கு எதிர்வீடு. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'அக்கா அக்கா' என்று என் பின்னாலேயே சுற்றியவள். இடுப்பில் மூன்று வயது ஜெனி.

"இன்னாக்கா இது?"

"டேங்குக்குத்தான்டி. போடு."

கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போட்டாள். எண்பத்தேழாவது கையெழுத்து. ஜெனிக்கு மூன்று வயதுக்குரிய கனமே இல்லை. பிள்ளைக்கு ஒழுங்காகச் சோறு ஊட்டு என்று மோனிகாவைத் திட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

கனம் இல்லாததற்குக் காரணம் ஜூன் மாதம் தெரிந்தது. வயிற்று வலி என்று சுருண்டு சுருண்டு படுத்தது பிள்ளை. பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் நின்றுபோனது. இங்கே மூன்று டாக்டர்கள் பூச்சி மருந்து கொடுத்தார்கள். சென்னைக்குக் கொண்டுபோனதும் அங்கே ஒரு டாக்டரம்மா, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாராம். மோனிகாவின் புருஷன் எபினேசர் சுவருக்கு அந்தப் பக்கம் பேட்டரி கம்பெனியில் இருந்தான். லாரி லாரியாகப் பழைய பேட்டரி வரும். உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டி கட்டியாக எடுப்பார்கள். ஜெனியின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. நாற்பத்தொன்று என்றார்கள். ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டுமாம். அப்பா சட்டையில் கொண்டுவந்த தூசியும் புகைபோக்கிக் காற்றும்தான் காரணம், அதைவிட்டு விலகி இருப்பதுதான் பெரிய மருந்து என்று அந்த டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

எபினேசர் மறுநாளே வேலையை விட்டான். வேறொரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். வீட்டுத் தரையை மோனிகா ஒரு நாளைக்கு மூன்று தடவை ஈரத் துணியால் துடைத்தாள். ஜன்னலில் தார்ப்பாய் அடித்தாள். ஆகஸ்ட் முதல் வாரம் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"இருபத்தெட்டுக்கு வந்துடுச்சிக்கா! நேத்து 'ம்மா'ன்னு கூப்டுச்சிக்கா!"

கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம்.

அதே வாரம்தான் பேட்டரி கம்பெனி இரண்டாவது உலை போடப்போகிறது என்ற பேச்சு வந்தது. அதுவும் காலனி ஓரத்துச் சுவரை ஒட்டி. மோனிகாவின் வீட்டுக் கொல்லையில் இருந்து கல்லெறிந்தால் விழும் தூரம்.

"அது வந்துட்சின்னா நான் தரைய நாளெல்லாம் தொடச்சாலும் வேலைக்காவாதுக்கா. எங்க பாப்பா மறுபடியும் பேசாமப் பூடும்" என்றாள். "ஊர் வேணாம்னு எழுதிக் குடுத்தா நிறுத்துவாங்களாம். எழுத வெக்கணும்."

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் எழுந்து நின்று கேட்டாள். உலை வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள் என்றாள். அது இன்றைய பொருளில் இல்லை என்றார் சடையப்பன். அப்படியென்றால் இதற்கு முன்னால் இதைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறீர்களா, புத்தகத்தைக் காட்டுங்கள் என்றாள். வெங்கடேசன் சிரித்தார்.

"கண்டவங்களும் பொரட்றதுக்கு இது இன்னா டீக்கடை பேப்பராம்மா? கவர்மெண்டு ரெக்கார்டு."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "எங்க கையெழுத்து இருக்கிற புக்கு, நாங்க பாக்கக்கூடாதா?" என்று நான்தான் முதலில் கத்தினேன். அடுத்த திங்கட்கிழமை மோனிகாவோடு திருவள்ளூருக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். இந்த வருஷம் எழுதின எல்லாத் தீர்மானத்தையும் காந்தி ஜெயந்தி அன்று ஊர் முன்னால் வாசிக்க வேண்டும் என்று மனு. மோனிகா சொல்லச் சொல்ல அதை எழுதியது நான், என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, வெளியே நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தோம்.

மனு பலித்தது. வட்டார அலுவலகத்தில் இருந்து ஓர் அதிகாரி வந்து, அவர் முன்னிலையில் புத்தகம் வாசிக்கப்படும் என்று கடிதம் வந்தது. வேலைத் தளத்தில் எல்லாப் பெண்களிடமும் சொன்னேன். "யாரும் வராம இருந்தீங்க, அப்புறம் என் வாயில உழுந்து எழுந்திருக்கணும்" என்று மிரட்டியும் வைத்தேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி இருநூறு பேர் வந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போதாமல் வெயிலிலும் நின்றார்கள். அதிகாரி நல்ல மனிதர். தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானே வாசித்தார். ஜனவரித் தீர்மானங்களுக்கு எல்லோரும் சிரித்தோம். 'பொதுமக்களால் விரிவாக விவாதிக்கப்பட்டு' என்று வரும்போதெல்லாம் பூவம்மாள் "நான் எப்போ சார் விவாதிச்சேன்? பிஸ்கட்டுதான் துன்னேன்" என்றாள். அவரும் சிரித்தார்.

பிறகு மே ஒன்றுக்கு வந்தார். நான் டேங்க் எப்போது வரும் என்று காத்திருந்தேன். என்னமோ, நான் சொன்னதால் அது நிஜமாகவே எழுதப்பட்டிருக்கும் என்று நினைப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. ஏழாவது தீர்மானத்தை அவர் பாதி வாசிக்கும்போதே குரலைத் தாழ்த்தினார். நம் ஊராட்சி எல்லையில் இயங்கும் பழைய பேட்டரி உருக்காலை இரண்டாவது உலை அமைத்துக்கொள்வதில் பொதுமக்களுக்கு ஆட்சேபனை ஏதுமில்லை என விரிவாக விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

எட்டாவது தெருவிளக்கு. அதோடு மே மாதம் முடிந்தது. டேங்க் என்ற சொல்லே இல்லை.

மோனிகா எழுந்து மேடைக்குப் போனாள். "யார் சார் கையெழுத்துப் போட்டது?" என்றாள். அதிகாரி புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தடவிக்கொண்டு போனாள். எண்பத்தேழில் விரல் நின்றது.

"இது என் கையெழுத்துதான் சார்."

"அப்போ ஒப்புதல் குடுத்திருக்கீங்கம்மா."

"இல்ல சார். டேங்குக்குன்னு சொல்லி..."

"யார் சொன்னாங்க?"

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நானே எழுந்து சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கி ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினார்கள். வெங்கடேசன் முகம் வெளிறியிருந்தாலும் வாய் அடங்கவில்லை. "எல்லாம் எழுதி வெச்சி, அப்புறம்தான் சார் குடுத்தேன். ஈஸ்வரிம்மாதான் ஊடு ஊடா போய் வாங்கினாங்க. அவங்களையே கேளுங்க" என்றார்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்றேன்.

"கையெழுத்துப் போட்டவங்க கடைசிப் பக்கத்த மட்டும்தான் பாத்திருப்பாங்க. முன்பக்கம் எப்படி இருந்ததுன்னு புத்தகம் வெச்சிருந்த உங்களுக்குத்தான் தெரியும். இந்தத் தீர்மானம் அப்போ எழுதியிருந்ததா, இல்லையா? இல்லைன்னா இப்பவே இத நிறுத்தி வைக்கச் சொல்லி மேல எழுதிடறேன்."

"பாத்து சொல்லும்மா" என்றார் சடையப்பன், ரொம்பத் தன்மையாக.

என் வேலை அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வெறும் பக்கம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் எழுதாத புத்தகத்தைக் காட்டி டேங்க் என்று எப்படிச் சொன்னாய்? யார் சொல்லச் சொன்னார்கள்? இருநூறு பேர் முன்னால், நானாகத்தான் புளுகினேன் என்று சொல்ல வேண்டும். ஊரையே மிரட்டிக்கொண்டு திரிகிற ஈஸ்வரி சொல்ல வேண்டும்.

"நான் பாக்கல சார். பக்கத்த எடுத்துக் குடுத்தாங்க, வாங்கினேன்."

அதிகாரி 'பார்க்கவில்லை எனத் தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டார். உலை வேண்டாம் என்று அன்றைக்குப் புதுத் தீர்மானம் போட்டோம். சத்தமாக வாசித்து, அதற்குப் பிறகு கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் மே மாதக் காகிதத்தை வைத்துக் கம்பெனி செப்டம்பரிலேயே அனுமதி வாங்கிவிட்டது, பழைய தீர்மானம் பொய் என்று நிரூபித்தால் தவிர இது எதையும் மாற்றாது என்று அதிகாரியே போகும்போது மோனிகாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சுவருக்குப் பின்னால் பள்ளம் தோண்டும் இயந்திரம் வந்தது. வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. வேலைத் தளத்தில் பெயரைக் கூப்பிட்டால் 'ம்' என்பதோடு சரி, ஒருத்தியும் என்னிடம் பேசவில்லை. மோனிகா சண்டைக்கு வருவாள் என்று தினமும் எதிர்பார்த்தேன். வந்து நாலு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கதவு மூடியே கிடந்தது. அக்டோபர் மாதக் கடைசியில் ஜெனிக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள், முப்பத்து மூன்று என்று பக்கத்து வீட்டுக்காரி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. தோண்டுகிற மண்ணிலேயே ஈயம் இருக்கிறதாம்.

அன்றைக்கு மத்தியானம் எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. மோனிகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொதட்டூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போகிறாள், எபினேசர் மட்டும் வேலைக்காக இங்கேயே இருப்பான் என்றார்கள். நான் தெருவைத் தாண்டிப் போனேன். இருபத்தெட்டு நாளில் முதல் தடவை.

"எழுதல மோனிகா. அஞ்சு பக்கமும் வெறுமையா இருந்துச்சி. நான் பாத்தேன்."

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள். பொன்னேரியில் ஒரு வக்கீலம்மா எழுதிக் கொடுத்த வாக்குமூலம். என் பெயரில் இருந்தது.

"புக்கு கையில வெச்சிருந்தவங்க போட்டாத்தான் கேஸ் நிக்கும்னாங்க. பத்து நாளா வெச்சிக்கினு கீறேன், நீ வருவேன்னு."

நான் பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"படிச்சிட்டுப் போடுக்கா. சத்தமா படி."

தெருவில் நாலைந்து பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். நான் படித்தேன். என் பெயர், கதவு எண், மே ஒன்றாம் தேதி, தீர்மானப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன என்பது. பிறகு இந்த வரி வந்தது: 'ஊராட்சிச் செயலர் சொல்லச் சொன்னபடி, தண்ணீர் டேங்குக்கு என்று கூறி அனைவரிடமும் கையெழுத்துப் பெற்றேன்.'

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். மோனிகா எனக்காகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். யாரோ சொல்லாமல் அக்கா தன்னிடம் பொய் சொல்லியிருக்க மாட்டாள் என்று நம்பியிருந்தாள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போயிருந்தால் அவளுக்கு என்றைக்கும் தெரிந்திருக்காது.

"இன்னாக்கா?"

"வெங்கடேசன் சொல்லல மோனிகா. அவரு வாங்கினு வான்னுதான் சொன்னாரு. டேங்க்குன்னு நானாத்தான் சொன்னேன்."

"யாருமே சொல்லலியா?"

"இல்ல. வெயிலா இருந்துச்சி. சீக்கிரம் முடிக்கணும்னு சொன்னேன்."

அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, ஆட்டோவின் மேல் வைத்து, அந்த வரியை அடித்தாள். 'நானாகவே பொய்யாக' என்று மேலே எழுதினாள். திருப்பி என்னிடம் நீட்டினாள்.

"மொதல்லேர்ந்து படி."

மறுபடி மொத்தத்தையும் படித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. அடித்த இடத்திலும் அடியிலும் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கேஸ் எப்போ வருது?" என்று கேட்டேன்.

"ஜூன் மாசம்."

"உலை?"

"பொங்கலுக்குப் பத்த வெக்கிறாங்களாம்."

ஜெனியைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தாள். ஜெனி என்னைப் பார்த்தது. வாயைத் திறந்தது, சத்தம் ஒன்றும் வரவில்லை. மோனிகாவும் ஏறி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி அந்த ஆபீசர் கேக்கசொல்ல 'எழுதல சார்'னு ஒரே வார்த்த சொல்லியிருந்தா, நான் இங்கியே இருந்திருப்பேன்க்கா" என்றாள்.

ஆட்டோ போன பிறகும் அந்தப் பெண்கள் கலையவில்லை. அவர்களைத் தாண்டித்தான் நான் என் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.